காற்றின் முன் குனிவோம்!

நிமிர்ந்து நட, நெஞ்சை உயர்த்து, எவர் முன்னும் தலை குனியாதே என்றெல்லாம் நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நம் மன்றத்து மேடையில் ஏறிய பேச்சாளர்களில் இதைச் சொல்லாதவர் எவரும் இலர். நானும் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன்தான். அப்படிப்பட்ட நான், ‘குனிவோம்’ என்று தலைப்பிட்டு எழுத வந்திருப்பது நண்பர்கள் சிலருக்கு நகைப்பைத் தரலாம். சிலருக்குச் சினத்தையும் தரலாம். சற்றே பொறுத்துப் படியுங்கள். மனிதன் முன் குனியச் சொல்லவில்லை நான். காற்றின் முன் குனியச் சொல்கிறேன்.

பெங்களூர்ச் சாலைகளில் விடியற்காலையில் எழுந்து சென்றவர்கள் அக்காட்சியைக் கண்டிருப்பார்கள். உடலோடு ஒட்டிய உடை, நீண்டு கூர்த்த தலைக்கவசம், முழங்கைகளை முன்னே ஊன்றி, நெஞ்சைத் தாழ்த்தி, அம்பு போல் பாயும் ஓர் உருவம். ‘டைம் டிரயல்’ என்று வழங்கும் நேரப் போட்டிக்குப் பயில்பவர் அவர். அப்போட்டியில் முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னே ஒளிந்து காற்றைத் தப்ப வழியில்லை. ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். ஓட்டுபவர், வண்டி, கடிகாரம், காற்று ஆகிய நான்கே நான்கு. அவற்றுள் எதிரி காற்று ஒன்றுதான்.

பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் அடைந்து கிடப்பவன் நான். இரண்டாண்டுகளாக, வாரத்தில் மூன்று நாள் விடியலில் இவ்விளையாட்டில் ஈடுபடுகிறேன். பரிசுக்காக அன்று, வயிற்றுப் பிழைப்புக்காக அன்று. ஆர்வத்துக்காக ஓடுபவன். என்னைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர்கள் எங்கே தங்கள் பணத்தைத் தொலைக்கிறார்கள், எங்கே தங்கள் உயிரையே தொலைக்கப் பார்க்கிறார்கள் என்பதை இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அதை வெல்லச் செலவிடும் ஆற்றலோ மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு நூறு பங்கு ஆற்றலைக் கப்பம் கட்டுகிறோம் என்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் 237 பங்கு கட்ட வேண்டும். சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் உழைப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைக் காற்றே விழுங்கிவிடுகிறது. எஞ்சியதுதான் டயருக்கும் சங்கிலிக்கும்.

அந்த ஐந்தில் நான்கு பங்கில், வண்டியின் பங்கு எவ்வளவு, உடலின் பங்கு எவ்வளவு? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வண்டி மெலிந்தது. அதன் குழாய்களும் சக்கரங்களும் காற்றைக் கத்திபோல் கிழிக்கின்றன. மேலே அமர்ந்திருக்கும் மனிதனோ ஒரு மூட்டை! மொத்தத் தடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அந்த மூட்டையால் வருவதுதான். எனவே சீர்திருத்தம் எங்கே தொடங்க வேண்டும்? மூட்டையிலிருந்து தொடங்க வேண்டும் அல்லவா? ஆனால் நாம் வண்டியிலிருந்து தொடங்குகிறோம். ஏன்? வண்டியின் உறுப்புகள் கடையில் விற்கும். குனிந்த முதுகு எந்தக் கடையிலும் விற்காது.

நானும் கடையிலிருந்துதான் தொடங்கினேன். எனக்கு முன் இருவர் ஓட்டிய பழைய நேரப் போட்டி வண்டி ஒன்றை வாங்கினேன். பிறகு மாதாமாதம் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, ஆழ்ந்த விளிம்புடைய கார்பன் சக்கரங்கள் இரண்டை வாங்கினேன். ‘இவற்றை மாட்டினால் இரண்டு கிலோமீட்டர் வேகம் தானாகக் கூடும்’ என்றார் விற்றவர். அவர் பெயர் வேண்டாம். அவர் சொன்னதை நம்பியவன் இயற்பியல் படித்தவன் என்பதுதான் வேதனை! சக்கரம் மாறியது, நான் மாறவில்லை. முழங்கைகளை அகல விரித்து, தலையை மாடம் போல் உயர்த்தி, தொளதொளத்த பனியன் காற்றில் படபடக்க, அதே மூட்டையாகத்தான் அமர்ந்து ஓட்டினேன். நேரம் குறைந்ததா? கைக்கடிகாரத்தின் பிழைக்கும் அதற்கும் வேறுபாடு காண முடியவில்லை.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். உடலும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எடையுள்ள ஒருவர் 200 வாட் ஆற்றலுடன் சமதரையில் ஓட்டுவதாகக் கொள்வோம். சாலை வண்டியின் வளைந்த கைப்பிடியைப் பற்றிக் குனியும்போது, காற்றுக்கு அவர் காட்டும் பயனுறு பரப்பு 0.32 சதுர மீட்டர் அளவில் இருக்கும். நேரப் போட்டி வண்டியில் செம்மையாக அமர்ந்தால் அது 0.25 வரை இறங்கும். பெங்களூர்க் காற்றின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால், முன்னதில் 40 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 68 நிமிடம். பின்னதில் 63 நிமிடம். கால் அதே கால். மூச்சு அதே மூச்சு. அமரும் முறையால் மட்டும் ஐந்து நிமிடம்! அந்த ஐந்து நிமிடத்தை உழைப்பால் மட்டும் பெற வேண்டுமானால் ஏறத்தாழ 40 வாட் கூடுதலாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் பயின்றாலும் பலருக்குக் கிட்டாத அளவு அது.

பெங்களூர்க் காற்று என்று நான் தனித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் காற்றைவிட இங்குள்ள காற்று நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு மெலிந்தது. இங்கே பதிவான நேரத்தைச் சென்னையில் எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். ஊர் மாறினால் காற்றும் மாறும். பிழைப்புக்கும் படிப்புக்குமாக இங்கே வந்தேறிய நமக்கு இது புதிய செய்தியா என்ன?

உலகம் இப்பாடத்தை எப்படிக் கற்றது? 1989-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், டூர் டி பிரான்ஸ் போட்டியின் இறுதி நாள். வெர்சேயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் நேர ஓட்டம். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், பிரெஞ்சுக்காரரான லொரான் ஃபிக்னோனைவிட 50 வினாடி பின்தங்கியிருந்தார். லெமாண்ட் தம் வண்டியில் முன்னோக்கி நீண்ட புதுமாதிரிக் கைப்பிடியைப் பொருத்தி, முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டினார். தலையில் காற்றைப் பிளக்கும் கவசம். ஃபிக்னோன் பழைய கைப்பிடியோடு, கவசமின்றி, குடுமி காற்றில் ஆட ஓட்டினார். மூன்று வாரம் நடந்த போட்டி எட்டே எட்டு வினாடியில் முடிந்தது. வென்றவர் லெமாண்ட்.

அதனினும் எனக்கு உவப்பானது ஸ்காட்லாந்தின் கிரேம் ஒப்ரியின் கதை. பெரிய நிறுவனத்தின் பின்பலம் இல்லாதவர். தம் வண்டியைத் தாமே செய்துகொண்டவர். சலவை இயந்திரத்திலிருந்து எடுத்த உருளைத் தாங்கியை அதில் பொருத்தியவர். கைகளை மடக்கி நெஞ்சுக்கு அடியில் ஒடுக்கிக்கொண்டு, பறவை சிறகு மடக்கியது போல் அமர்ந்து ஓட்டினார். 1993-ஆம் ஆண்டு ஜூலை 16-இல் நார்வே நாட்டு ஹாமர் நகரில் ஒரு மணி நேரச் சாதனையை முயன்று தோற்றார். அடுத்த நாள் காலையே மீண்டும் வந்தார். 51.596 கிலோமீட்டர் ஓடி, பிரான்செஸ்கோ மோசர் 1984-இல் நிறுவியிருந்த 51.151-ஐ முறியடித்தார். ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மன் 52.270 ஓடி அதைக் கடந்தார் என்பது வேறு செய்தி. 1994-இல் ஒப்ரியின் அமரும் முறைக்கே உலக மிதிவண்டிச் சங்கம் தடை விதித்தது என்பதும் வேறு செய்தி. நாம் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுதான். செல்வம் இல்லாதவன் சிந்தனையால் வென்றான். வாங்க இயலாதவன் அளந்து பார்த்தான்.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு மணி நேரத்தில் 55.548 கிலோமீட்டர் ஓடிச் சாதனை நிறுவியவர் டான் பிகம் என்னும் பொறியாளர். காற்றின் தடையைக் கணக்கிடுவதே அவர் தொழில். அக்டோபரில் பிலிப்போ கன்னா 56.792 ஓடி அதை முறியடித்தார். நம் நகரத்திலேயே நவீன் ஜான் இருக்கிறார். மின்பொறியியல் பயின்றவர், இங்கிருந்து பயிற்சி பெற்று நாட்டின் நேரப் போட்டியில் பலமுறை முதலாவதாக வந்தவர். அறிவியல் படிப்பு விளையாட்டுக்குப் பகை என்று நினைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இவர்களைக் காட்டலாம்.

சரி, அளப்பது எப்படி? காற்றுச் சுரங்கம் வேண்டுமே என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் அதற்கு முன் ஏழையின் சுரங்கம் ஒன்று உண்டு. நான் செய்ததைச் சொல்கிறேன். வண்டியைச் சுவரில் சாய்த்து, அதன் மேல் அமர்ந்து, எட்டத்திலிருந்து நேர் முன்னாகப் படம் எடுக்கச் சொன்னேன். ஒரே தொலைவு, ஒரே லென்சு. நிமிர்ந்து ஒன்று, குனிந்து ஒன்று. இரண்டையும் ஒரே வகைத் தாளில் ஒரே அளவாக அச்சிட்டு, என் உருவத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்து, வேதியியல் தராசில் நிறுத்தேன்! நிமிர்ந்தவன் 2.05 கிராம், குனிந்தவன் 1.60 கிராம். காற்றின் முன் நான் எத்தனை பெரிய மனிதன் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஆனால் தாள் பரப்பை மட்டுமே சொல்லும்; வடிவத்தைச் சொல்லாது. முதுகுக்குப் பின்னே காற்று எப்படிச் சுழல்கிறது என்பதை அது அறியாது. எனவே அடுத்த சோதனை. தேவனஹள்ளிக்கு அப்பால் ஒரு நேரான இறக்கம். காற்றசையாத விடியல். ஒரே இடத்தில் நின்ற நிலையிலிருந்து, பெடல் மிதிக்காமல் உருண்டு, 400 மீட்டர் அடையாளத்தில் வேகத்தைப் பார்ப்பது. ஒவ்வொரு முறைக்கும் ஐந்து ஓட்டம். இடையிடையே மாற்றி மாற்றி. சாலை வண்டிக் குனிவில் 35 கிலோமீட்டர். முழங்கை ஊன்றி அமர்ந்தபோது 37. பத்து ஓட்டத்திலும் இது பிறழவில்லை. சக்கரத்துக்குக் கொடுத்த பணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குச் செலவாகவில்லை.

கண்ட முடிவுகளைச் சுருக்கிச் சொல்வேன். முழங்கைகளை ஒன்றோடொன்று நெருக்குவது பயன் தந்தது. தலையை ஆமைபோல் தோள்களுக்கு இடையே ஒடுக்குவது அதனினும் பயன் தந்தது. படபடக்கும் உடையைக் களைந்து ஒட்டிய உடை அணிந்தது, நான் எதிர்பாராத அளவு பயன் தந்தது. கைப்பிடியை முதல் இரண்டு சென்டிமீட்டர் தாழ்த்தியது பயன் தந்தது. அடுத்த இரண்டு சென்டிமீட்டர் ஒன்றும் தரவில்லை. தாழத் தாழ வேகம் என்பது உண்மையன்று. ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதை அளந்துதான் அறிய வேண்டும். அடுத்தவரின் படத்தைப் பார்த்து அறிய முடியாது.

அறிவியல் மாணவன் என்ற செருக்கில் இந்த எல்லையை நான் மீறினேன். ஒன்றும் தராத அந்த இரண்டு சென்டிமீட்டரையும் வைத்துக்கொண்டேன். அதற்கும் கீழே இறக்கினேன். படத்தில் அழகாக இருந்தது! சாலையில் என்ன நடந்தது? தொடை நெஞ்சில் இடித்தது. இடுப்பு மடங்கி மூச்சு முட்டியது. கால் மணி நேரத்தில் மிதிக்கும் வலுவே குறைந்தது. இருக்கையை முன்னே நகர்த்தியிருக்க வேண்டும், 172.5 மில்லிமீட்டர் கிராங்கை மாற்றி 165 பொருத்தியிருக்க வேண்டும். அப்போது இடுப்பின் கோணம் திறந்திருக்கும். செய்யவில்லை. கழுத்து வலிக்க, தலை தானாகத் தொங்கியது. கண் முன்சக்கரத்தைப் பார்த்தது, சாலையைப் பார்க்கவில்லை.

ஒரு காலையில் தலையை நிமிர்த்தியபோது, ஓரத்தில் நிறுத்தியிருந்த சரக்கு லாரியின் பின்புறம் மூன்று நான்கு வண்டி நீளத்தில் நின்றது. திருப்பினேன். லாரியைத் தவிர்த்தேன், தரையைத் தவிர்க்க முடியவில்லை. இடக் காறை எலும்பு முறிந்தது. பின்னால் பேருந்து எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இக்கட்டுரையை வேறொருவர் இரங்கலுரையாக எழுதியிருப்பார்.

என் தந்தை நாகர்கோவிலிலிருந்து இரவு முழுதும் பயணம் செய்து வந்து சேர்ந்தார். அவர் ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊர்க் காற்றை அறியாதவர்க்கு ஒரு சொல்: கணவாய் வழியே அது பாய்ந்து வருவதால்தான் அருகே முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அங்கே பழமொழியன்று, ஏறத்தாழ நாட்குறிப்பு. அந்தக் காற்றுக்கு எதிரே, பையும் சுமையுமாக, முப்பது ஆண்டு மிதிவண்டி மிதித்தவர் அவர்.

கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை அவருக்கு விளக்க முயன்றேன். ஆங்கிலச் சொற்களாகவே வந்தன. தந்தை பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து, தோளில் கிடந்த துண்டைத் தலையில் இறுகக் கட்டினார். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டினார். முதுகை வளைத்து, கட்டிலின் இரும்புச் சட்டத்தைக் கைப்பிடி போல் பிடித்துக் காட்டினார்.

“இப்படித்தானே?” என்றார்.

இப்படியேதான்! முழங்கை ஒடுங்கியிருந்தது, தலை தோளுக்குள் இருந்தது, துண்டின் முனைகூடக் காற்றில் ஆடாதபடி செருகியிருந்தது. நான் தராசு வைத்துக் கண்டதை அவர் வயிற்றுப்பாட்டில் கண்டிருந்தார். ஒன்றே ஒன்று வேறுபட்டது. அவ்வளவு தாழ்ந்தும் அவருடைய கண்கள் நேரே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“காத்துகூட மல்லுக்கு நிக்காதே மக்கா. தாழ்ந்து போ. ஆனா கண்ணு முன்னால இருக்கணும். தபால் போய்ச் சேரணும்லா?” என்றார்.

இதற்கு மேல் காற்றியக்கவியலில் எனக்கு ஒரு பாடமும் தேவைப்படவில்லை.

‘இதெல்லாம் வசதி படைத்தவர் விளையாட்டு, இதற்கு ஏன் நம் மலரில் பக்கம்?’ என்று கேட்பவர் உளர். அவர்களுக்கு என் விடை: வாங்குவது வசதி படைத்தவர் விளையாட்டு, அளப்பது எல்லோர்க்கும் உரியது. காற்றை எதிர்த்து இன்றும் இந்நகரத்தில் உணவுப் பொட்டலமும் பால் கேனும் சுமந்து மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். உடலை ஒடுக்கினால் உழைப்பு குறையும் என்னும் உண்மை பந்தயக்காரனுக்கு ஒரு விதமாகவும் அவர்களுக்கு வேறு விதமாகவும் வேலை செய்வதில்லை. அந்த உண்மையைத் தமிழில் சொல்ல நமக்குச் சொல் இருக்கிறது. சொல்லத்தான் ஆள் இல்லை.

இது காற்றைப் படித்த நகரம். 1942-ஆம் ஆண்டிலேயே இந்திய அறிவியல் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை தோன்றியது. அங்குள்ள பெரிய காற்றுச் சுரங்கத்தின் சோதனைக்கூடம் 14 அடிக்கு 9 அடி. ஒரு மனிதன் வண்டியோடு உள்ளே அமரத் தாராளமாக இடமுண்டு. ஒலியை மிஞ்சும் வேகம் நமக்கு வேண்டாம். நொடிக்கு 11 மீட்டர் காற்று போதும். இத்தகைய சுரங்கங்களை நடத்தும் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆர்வத்துக்காக ஓடும் எளிய இளைஞர்களுக்கு என ஒதுக்குங்கள். வானூர்திக்கு வழி சொன்ன காற்று மிதிவண்டிக்கும் வழி சொல்லட்டும்.

நம் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விளையாட்டு நாளில் கயிறு இழுக்கிறோம், உறியடிக்கிறோம். அவற்றோடு ‘அளவை நாள்’ ஒன்றும் வைப்போம். ஒரு புகைப்படக் கருவி, ஒரு தராசு, ஓர் இறக்கம், ஒரு கடிகாரம் போதும். வருபவர் தம் வண்டியோடு வரட்டும். எந்த வண்டியானாலும் சரி. ஆனால் அங்கே ஒரு விதியை நான் பிடிவாதமாக வற்புறுத்துவேன். எந்த நிலையில் அமர்ந்து நூறு அடிக்கு முன்னே உள்ள எழுத்தைப் படிக்க முடியவில்லையோ, அந்த நிலை எத்தனை வேகம் தந்தாலும் செல்லாது. போட்டி நடத்துபவர்களும் இவ்விதியை ஏற்க வேண்டும். மூடாத சாலைகளில், லாரிகளுக்கும் நாய்களுக்கும் இடையே ஓடும் நமக்கு, கண்ணைக் கொடுத்து வாங்கும் வேகம் வேகமன்று.

எலும்பு கூடிவிட்டது. கைப்பிடியை நான்கு சென்டிமீட்டர் உயர்த்தியிருக்கிறேன். அந்தக் கார்பன் சக்கரங்களை வாங்கியதில் பாதி விலைக்கு விற்று, குட்டைக் கிராங்கும் ஒட்டிய உடையும் வாங்கினேன். சென்ற மாதம் என் பழைய நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் குறைந்தது. தந்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். “முன்னால பாத்துப் போனியா?” என்றுதான் கேட்டார். நேரத்தைக் கேட்கவில்லை.

நண்பர்களே! நிமிர்வோம், மனிதர் முன். குனிவோம், காற்றின் முன். குனியும்போதும் கண்ணை மட்டும் தாழ்த்தாதிருப்போம்.